விளக்கில் தெரியாத எண்ணெய்

கழுவுவதுதான் என் வேலை. முப்பத்தொரு வருஷம் கழுவியே சம்பளம் வாங்கினேன். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர், நான் ஏதோ பெரிய கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறேன் என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. ராக்கெட் என்ஜினுக்குப் போகிற வால்வைக் கழுவுகிறேன் என்று சொன்னால், மேலே போகும்போது எங்களையும் இட்டுகினு போ என்று கிண்டல் செய்வார்கள். அதற்குப் பாத்திரமே தேவலை.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம், ராக்கெட் செய்யப் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், எல்லாருக்கும் என் சின்ன மகள் வயசு. ஆக்சிஜன் லைனுக்கான பாகங்களை எப்படிச் சுத்தம் செய்வது என்று கையால் செய்தவர் வாயால் கேட்க வேண்டுமாம். மரியாதையாக நடத்தினார்கள், டீ கொடுத்தார்கள். பிறகு அங்கே இன்ஜினியராக இருக்கும் ஒரு பெண் தங்கள் பாதுகாப்புப் பாடத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வால்வின் படம். பக்கவாட்டில் வெடித்து, உலோகம் மெழுகு போல் வழிந்திருந்தது. எழுத்தைப் படிக்குமுன்பே அது எந்த வால்வு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே எழுதியிருந்தது: 'ஆபரேட்டர் அவசரமாகத் திறந்ததால் நேர்ந்த விபத்து. பாடம்: அவசரம் ஆபத்து.' ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை.

அந்த ஆளின் பெயர் தேசிங்கு. அவர் அவசரப்படவில்லை. அது உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும், மிச்ச டீயைக் குடித்துவிட்டு, பாடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம், எங்கள் புதுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்போம் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். இதோ எழுதுகிறேன். அந்த மூன்றாவது பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடட்டும்.

முதலில் ராக்கெட் என்ஜின் விஷயம். அடுப்பு எரிய வேண்டும் என்றால் காற்று வேண்டும். பஸ், லாரி, விமானம் எல்லாம் வெளியில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் எரிபொருளை எரிக்கின்றன. மேலே போகப் போகக் காற்று இல்லை. அதனால் ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்துகொண்டு போகிறது. வாயுவாகச் சுமந்தால் இடம் போதாது. மைனஸ் நூற்று எண்பத்து மூன்று டிகிரிக்குக் குளிரவைத்தால் அது தண்ணீர் மாதிரி ஆகிவிடும், லேசான நீல நிறத்தில். ஒரு டாங்கில் அது, இன்னொன்றில் மண்ணெண்ணெய் மாதிரி ஏதாவது எரிபொருள். இரண்டையும் பம்பு வேகமாகத் தள்ளி ஓர் அறைக்குள் சேர்க்கிறது. அங்கே எரிந்து உண்டாகும் வாயு, குறுகிய கழுத்து வழியாகப் பிதுங்கி, கீழே மணி போல் விரிந்த வாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். வாயு கீழே பாய்கிற வேகம்தான் என்ஜினை மேலே தள்ளுகிறது. தரையை உதைத்துக்கொண்டு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே உதைக்கத் தரை ஏது?

இதை எனக்குப் புரியவைத்தது இன்ஜினியர் இல்லை, காத்திவாக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கன்னியம்மா. கட்டுமரத்திலிருந்து ஆள் முன்னால் குதித்தால் மரம் பின்னால் போகிறது அல்லவா, அதுதானே அக்கா என்று கேட்டாள். அதேதான். இந்த என்ஜின்கள் கொண்டுபோய் விடுகிற செயற்கைக்கோள்தான் புயலைப் பார்த்துச் சொல்கிறது. கடலுக்குப் போகாதீர்கள் என்று கன்னியம்மாவின் குப்பத்துக்குச் செய்தி வருவது அதனால்தான். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அதன் பக்கத்தில் எது இருந்தாலும் எரியத் துடிக்கும். வெறும் காற்றில் சாதுவாக இருக்கிற ஒரு சொட்டு எண்ணெய், அழுத்தமான ஆக்சிஜனில் கொஞ்சம் சூடு கண்டால் போதும், பற்றிக்கொள்ளும். பிறகு எஃகே எரியும். அதனால் இந்த லைனில் வைக்கிற ஒவ்வொரு பாகத்திலும் எண்ணெய், தூசி, விரல் ரேகை எதுவும் இருக்கக்கூடாது. அதற்குத்தான் நாங்கள் ஆறு பெண்கள்.

என் அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் பெயிண்டர். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, தெரிந்தவர் ஒருவர் மூலம் திருவொற்றியூரில் ராக்கெட் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லலாம். எண்ணெயைக் கரைக்கிற சால்வென்ட்டில் ஊறவை, பிரஷ் போடு, சுத்தமான தண்ணீரில் அலசு, நைட்ரஜன் ஊதிக் காயவை. எதையும் வெறுங்கையால் தொடாதே.

கஷ்டம் அதற்குப் பிறகு வரும் சோதனையில்தான். இருட்டறைக்குள் ஊதா விளக்கைப் போட்டுப் பாகத்தை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெஷின் எண்ணெய், கிரீஸ் ஏதாவது இருந்தால் வெள்ளையாகவோ நீலமாகவோ ஒளிரும். ஒளிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒளிராவிட்டால் வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பாலிதீன் பை, டேக், கையெழுத்து.

எங்கள் தரப் பரிசோதனை அதிகாரி வரதராஜன் சார். தலையில் எண்ணெய் வைக்காத மனிதர். எங்களையும் வைக்கவிடமாட்டார். பூ கூடாது, பவுடர் கூடாது, கண்மை கூடாது. கல்யாணமான புதிதில் ஒருத்தி மல்லிகை வைத்துக்கொண்டு வந்ததற்குக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். எதையும் கையால் தொடமாட்டார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். அலசினாயா? அலசினேன் சார். அலசினாயா? ஆமாம் சார். அலசினாயா? மூன்றாவது தடவை யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் பதில் சொல்வோம். சில நேரம் அந்த யோசனையில்தான் விட்டது ஞாபகம் வரும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது பலித்திருக்கிறது.

இன்னொன்றும் செய்வார். எல்லாம் முடிந்து பையில் போடுமுன், துடைத்த வெள்ளைத் துணியை இடுக்கியால் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். நாங்கள் அவருக்கு 'மோப்பம்' என்று பேர் வைத்திருந்தோம். மோப்பம் வருது, துணிய எடு என்போம். ஏன் முகர்கிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விதிமுறைப் புத்தகத்திலும் அது இல்லை.

சால்வென்ட் எண்ணெயை மட்டும் எடுக்காது. மனிதத் தோலில் இருக்கிற பசையையும் எடுத்துவிடும். கிளவுஸ் போட்டுக்கொண்டாலும் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். வருஷக்கணக்கில் செய்தால் கை கரடுமுரடாகி, வெடித்து, ரத்தம் வரும். கன்னியம்மாவுக்கு ஏற்கெனவே கழிமுகத்தில் இறால் பிடித்த கை. சேர்ந்த மூன்றாவது வருஷம் அவளால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டாள். நான் அப்போது அந்தப் பிரிவின் பொறுப்பாளி. என் லாக்கரில் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு நானே அவள் கையில் ஊற்றினேன். நன்றாகத் தேய், சோப்பு போட்டுக் கழுவு, பிறகு கிளவுஸ் போடு என்றேன். விதியைக் காக்க வேண்டிய நானே விதியை மீறினேன். அவள் கையைப் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையும்தான், அதனால் எதுவும் மாறவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், வரதராஜன் சார் மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் லீவில் இருந்தார். அவசர ஆர்டர் ஒன்று. ஆக்சிஜன் லைனுக்கான வால்வு, மறுநாள் காலை சோதனைக்குப் போக வேண்டும். கன்னியம்மாதான் கடைசியாக உள்ளே, கசிவைத் தடுக்கும் சீல் வளையத்தைப் பொருத்தினாள். நான் விளக்கில் பார்த்தேன், துணியால் துடைத்துப் பார்த்தேன், பையில் போட்டேன். ஷிப்ட் முடிந்து கிளவுஸைக் கழற்றியவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, விரல்ல கிழிஞ்சிகீது பாரு. எப்ப கிழிஞ்சிதுன்னு தெரில. உள்ள எண்ண கீது."

பையைப் பிரித்து வால்வை மறுபடி இருட்டறைக்கு எடுத்துப் போனேன். விளக்கின் கீழ் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை. வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. பிரித்துக் கழுவினால் முழுசாக ஒரு நாள் போகும். நான் துணியை முகர்ந்து பார்க்கவில்லை. அது அவருடைய பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை, நீ வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொல்லிவிட்டு டேக்கில் கையெழுத்துப் போட்டேன்.

தேசிங்கு சோதனைக் கூடத்து ஆபரேட்டர். திருவொற்றியூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். தமாஷ் பேர்வழி. ஆனால் வால்வுச் சக்கரத்தில் கை வைத்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். சோதனை இப்படி நடக்கும்: நாங்கள் கழுவிய வால்வை ஒரு பக்கம் பூட்டிவிட்டு, சிலிண்டர் வரிசையிலிருந்து ஆக்சிஜனை மெல்ல மெல்ல அதற்குள் விட வேண்டும். சட்டென்று திறந்தால் வாயு உள்ளே மோதி நசுங்கிச் சூடேறும், அந்தச் சூட்டிலேயே தீப்பிடிக்கலாம். அதனால் முப்பது எண்ணுகிற நேரத்தில்தான் சக்கரத்தைத் திறக்க வேண்டும் என்று விதி. தேசிங்கு அதை வாய்விட்டு எண்ணுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஐந்து எண்ணிக்கைக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து அழுத்தத்தை எழுத வேண்டும்.

அன்று எழுதுகிற ஆள் வரவில்லை. வால்வை ஒப்படைக்கப் போன என்னையே தேசிங்கு எழுதச் சொன்னார். ஐந்து, எழுதினேன். பத்து, எழுதினேன். பதினைந்து, எழுதினேன். முள் ஒழுங்காக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பதினாறு என்றார், பதினேழு என்றார். அடுத்தது எனக்குக் கேட்டது ஒரு சத்தம், அதோடு சுவரின் மேல் விளிம்பு முழுக்க வெள்ளை வெளிச்சம். அவருக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்த தடுப்புத் தகட்டில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. நெருப்பு அதன் வழியாகத்தான் வந்திருக்கிறது. தீயை அணைத்து அவரைத் தூக்கும்போது அவருக்கு நினைவு இருந்தது.

இரண்டு நாள் உயிரோடு இருந்தார். தீக்காயப் பிரிவில் வெள்ளைத் துணிக் கூண்டுக்குள் படுத்திருந்தார். அவர் மனைவி செல்வி, ஒன்பது வயது மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனபோது அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அமுதா, மெதுவாத்தான தொறந்தேன்?"

"மெதுவாத்தான்ணா தொறந்த. பதினேழு வரிக்கும் எண்ணின. நான் எழுதிகினு இருந்தேன்."

சரி என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

விசாரணைக்கு மூன்று பேர் கமிட்டி வந்தது. முதல் நாளே, திடீரென்று திறந்திருப்பார், அது அடிக்கடி நடப்பதுதான் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் என் ஏப்ரன் பையில் மடித்து வைத்திருந்த தாள் ஞாபகம் வந்தது. ஐந்து, பத்து, பதினைந்து, எதிரே அழுத்தம். அதைக் கொடுத்தால் தேசிங்கு அவசரப்படவில்லை என்று நிரூபணம் ஆகிவிடும். அப்படியானால் நெருப்பு எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அது நேரே கழுவுகிற அறைக்கு வரும், என் கையெழுத்துக்கு வரும், என் லாக்கருக்கு வரும்.

அந்தத் தாளை ரவிக்கைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். என்னைக் கேட்டபோது, பதற்றத்தில் தாள் எங்கே போனது என்று தெரியவில்லை என்றேன். எண்ணினாரா என்று கேட்டார்கள். சரியாகக் கேட்கவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போடுகிறவர்களே மறைக்கத் தயாராக இருந்தால் மறைக்கலாம். செத்தவர் மேல் பழியைப் போட்டால் கம்பெனிக்கும் நிம்மதி, கமிட்டிக்கும் வேலை முடிந்தது.

கன்னியம்மாவைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அவள் அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தாள்.

"சொல்லிட்லாம்கா. எனக்கு சோறு எறங்கல. வேல போனா போவுது, மறுபடியும் எறா புடிச்சிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டு இரு, உன்னால் என் வேலையும் போய்விடும், எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று அவளை விரட்டினேன். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். நான்கைந்து வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

லீவு முடிந்து வந்த வரதராஜன் சார் யாரையும் திட்டவில்லை. ஒரு நாள் மதியம் என்னை மட்டும் இருட்டறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஓர் எஃகுத் தகடு. அவர் பையிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்து, முதல் தடவையாக அவர் கையாலேயே, தகட்டில் ஒரு பக்கம் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டும் இன்னொரு பக்கம் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும் விட்டுத் துடைத்தார். ஊதா விளக்கைப் போட்டார். ஒரு பக்கம் நிலா மாதிரி ஒளிர்ந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் எஃகு. எல்லா எண்ணெயும் இதில் தெரியாது அம்மா, அதனால்தான் முகர்வேன் என்றார். பிறகு கேட்டார்:

"அமுதா, உங்க ரூம்ல யாராவது தேங்காயெண்ணெய் வச்சிருந்தாங்களா?"

"இல்ல சார்."

நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவையில் நான் உடைந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். உடைய வேண்டும் என்றும் இருந்தது. அவர் விளக்கை அணைத்தார். தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னைப் பார்த்து இரங்கித்தான் விட்டுவிட்டார் என்று ரொம்ப காலம் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முகர்ந்து பார்ப்பதை விதிப் புத்தகத்தில் எழுதாமல் விட்டது அவர். மூன்றாவது தடவை கேட்டால் அவருக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவரும் பயந்தார்.

அடுத்த மாதம் விதிப் புத்தகத்தில் இரண்டு புது வரிகள் வந்தன. அலசிய சால்வென்ட்டை ஆவியாக்கி, மிச்சம் தங்குகிறதா என்று எடை போட வேண்டும். அறைக்குள் எந்த எண்ணெயும் கூடாது, கையில் தடவக் கம்பெனியே களிம்பு தரும். ஏன் இந்த வரிகள் வந்தன என்று எங்கும் எழுதவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய ஒரு பாகம்கூடத் தீப்பிடிக்கவில்லை. எனக்கு இருபத்தைந்து வருஷ சேவைக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த மூன்றாவது பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரம், விசாரித்து விசாரித்து செல்வியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். திருவொற்றியூரிலேயே, மாடியில் ஒரு வீடு. ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னாள். மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறானாம். ஹார்பர் வாசலில் எல்லா டிரைவரும் அவனைக் கேலி செய்வார்களாம், அவ்வளவு மெதுவாக ஓட்டுவானாம். நான்தான் அப்படி வளர்த்தேன், உங்கப்பன மாதிரி அவசரப்படாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன் என்றாள்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எண்ணெய், கிளவுஸ், விளக்கு, தாள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவள் தையல் மெஷின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தாள்.

"டெய்லி படத்துக்குப் பூ வெக்கும்போதுகூட திட்டிகினுதான் வெப்பேன். உனுக்கு அப்டி இன்னாய்யா அவசரம், எங்கள வுட்டுட்டுப் போறதுக்குன்னு. பத்தொம்போது வருசம்."

மன்னித்துவிடு என்று கேட்டேன்.

"அத எங்கிட்ட கேக்காத. அவன் இப்ப வந்துருவான். உன் வாயால அவங்கிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டான். மாத்திச் சொல்லி வளத்ததே நான்தான."

சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வந்தான். அப்பாவின் உயரம், அப்பாவின் தோள். உட்காரப்பா என்றேன். நின்றுகொண்டே கேட்டான். நான் முடித்த பிறகு, அப்பாவுக்காவது தெரியுமா, அவர் மேல் தப்பு இல்லை என்று கேட்டான். தெரியும், ஆஸ்பத்திரியில் அவரே கேட்டார், நீ மெதுவாகத்தான் திறந்தாய் என்று நான் சொன்னேன் என்றேன்.

"அப்போ சாவப்போறவருகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிகீறீங்க" என்றான்.

ஆமாம் என்றேன்.